பெரணிக்கு வகையறா தேடிப் போனோம்

வெளிநாடு என்றால் மற்றவர்களுக்குத் துபாய், சிங்கப்பூர். எனக்கு வெளிநாடு என்பது கம்பமெட்டு மலைக்கு அந்தப் பக்கம், மலையாளம் பேசுகிற சீமை. ஓடைப்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்தில் நின்று மேற்கே பார்த்தால் அந்த மலை நீலமாகத் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஏறிப் பார்த்ததில்லை. இந்த மழைக்காலத்தில் ஏறினேன். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ இல்லை. ஒரு பெரணிச் செடி எந்த வகையறா என்று தெரிந்துகொள்ள!

என் சின்ன மருமகள் கவிதா தேனியில் ஒரு கல்லூரியில் செடிகொடிப் பாடம் நடத்துகிறாள். இந்த மலைகளில் இருக்கிற பெரணிகளைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். மகன் கோயமுத்தூரில் வேலை. இவள் இங்கே, அவன் அங்கே. அதில்தான் வீட்டில் புகைச்சல்.

எல்லாப் பெரணிக்கும் பேர் கண்டுபிடித்து எழுதிவிட்டாள். ஒன்று மட்டும் நின்றுபோனது. போன வருடம் சுருளி மலைப் பக்கம் ஓர் ஓடையில் கொட்டுகிற மழையில் இலையை மட்டும் ஒடித்துக்கொண்டு வந்திருந்தாள். இவள் அது டிப்ளேசியம் என்ற வகை என்கிறாள். மதுரையில் இருக்கிற இவளுடைய பேராசிரியர் அது ஆஸ்ப்ளீனியம் போலத் தெரிகிறது என்கிறார். “அடிக்கிழங்கும் இல்லை, வித்தும் இல்லை. வெறும் இலையை வைத்துக்கொண்டு நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று சொல்லிவிட்டாராம். இந்த விவரமெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது, கிளம்பும்போது ஏதோ இலை பறிக்கப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். இந்த மழைக்குள் முழுச்செடி கிடைக்காவிட்டால் அந்த அத்தியாயமே போச்சு. அடுத்த மழை வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

காத்திருக்க யார் விடுவார்கள்? என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

“தனியா மலைக்குப் போக வேணாம். ஒங்க அத்தை கூட வரட்டும். ஆனா இதுதான் கடைசி. செடி கெடைச்சாலும் சரி, கெடைக்காட்டியும் சரி, தை பொறந்தா கோயமுத்தூர்ல போய்க் குடும்பத்தைப் பாரு.”

“சரி மாமா” என்றாள் கவிதா. அவள் முகம் சரி என்று சொல்லவில்லை.

என்னை யாரும் கேட்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அது பெரிசில்லை. எனக்கு வேற்று ஆளிடம் வாய் வராது. பஸ்ஸில் கண்டக்டர் “எங்கம்மா போகணும்?” என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பேன். அப்படிப்பட்டவளைத் துணைக்கு அனுப்புகிறார்கள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரே துள்ளல். இருக்கிறதில் நல்ல சேலைகளாக மூன்றை எடுத்து வைத்தேன். “அத்தே, பாறையில ஏறணும், பட்டெல்லாம் வேணாம்” என்று கவிதா ஒன்றை உருவி வெளியே போட்டாள்.

முதல் நாள் தேனியில் பழைய செய்தித்தாள் வாங்கத்தான் நேரம் சரியாக இருந்தது. கட்டுக் கட்டாக வாங்கினாள். செடியைத் தாளுக்குள் விரித்து வைத்து, இரண்டு பக்கமும் பலகை கொடுத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டுமாம். தாளைத் தினமும் மாற்றினால் செடி நிறம் போகாமல் காயுமாம். கடைக்காரர், “டீச்சர், பஜ்ஜிக்கடை போடப் போறீகளா?” என்றார். கவிதா சிரித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தெரிந்தவர் யாராவது கேட்டிருந்தால்!

சாயங்காலம் கம்பம் வந்து சேர்ந்தோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லாட்ஜில் அறை. நான் லாட்ஜில் தங்கியதே இல்லை. கட்டிலில் வெள்ளை விரிப்பு. அழுக்காகிவிடுமே என்று தரையில் படுக்கப் போனேன். “அத்தே, மேல படுங்க. நீங்க படுக்கத்தான் விரிச்சிருக்காக” என்றாள். ராத்திரி ஓட்டலில் ஆப்பமும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டோம். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சு. எங்கள் வீட்டுத் தோசைக்கு இந்த நடு வராது. சமையல்கட்டை எட்டிப் பார்த்துச் செய்முறை கேட்க ஆசைதான். வாய் வரவில்லை.

மறுநாள் ஓடை. இலை எடுக்க அந்த ஒரு நாளுக்குத்தான் அனுமதிச்சீட்டு இருந்தது. வனக்காவலர் ஒருவர் கூட வந்தார். வழி முழுக்கப் பச்சை, ஈரம், அட்டை. எங்கள் ஊர்ப் பக்கம் வெயிலில் வெடித்துக் கிடக்கிற கரிசல். அதற்கு இத்தனை பக்கத்தில் இப்படி ஓர் இடமா என்று வாயைப் பிளந்துகொண்டு நடந்தேன். ஓடையை நெருங்கும்போது கவிதாவுக்குப் பாசியில் கால் வழுக்கியது. கணுக்கால் திருகிக்கொண்டது. பாறையில் உட்கார்ந்துவிட்டாள். எதிர்க்கரையில், தண்ணீர் சொட்டுகிற பாறை இடுக்கில், அவள் ஒரு வருடமாகத் தேடுகிற செடி தொங்குகிறது. கண்ணுக்குத் தெரிகிறது. கைக்கு எட்டவில்லை.

“நான் போறேன்” என்றேன்.

“அத்தே, நீங்களா?”

“பந்தல் ஏணியில ஏறி எறங்குன காலு. இந்தத் தண்ணி என்ன செய்யும்?”

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். கெண்டைக்கால் அளவு தண்ணீர், ஐஸ் மாதிரி. போய்ச் சேர்ந்தேன். கை நீளத்துக்கு இலை. நடுத்தண்டு கறுப்பாக மினுங்கியது. இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி சின்னச் சின்ன இலைகள். அத்தனை அழகு. கவிதா அந்தக் கரையில் இருந்து கையை ஆட்டி என்னவோ கத்தினாள். ஓடைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

கைப்பழக்கத்தில் இலையைத் திருப்பினேன். தோட்டத்தில் எந்த இலையைத் தொட்டாலும் அடியைத்தான் முதலில் பார்ப்போம். நோய் அங்கேதான் உட்காரும். பார்த்தால், பெரிய இலைகளுக்கு அடியில் எல்லாம் பழுப்புக் கோடுகள். ஐயையோ, துரு! டாக்டர் பட்டத்துக்குப் போகிற இலை, நோய் விழுந்ததையா கொடுப்பது? ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடியில் ஒரு பொட்டுக்கூட இல்லாத, கண்ணாடி மாதிரி இருந்த இளம் இலைகளாகப் பொறுக்கி நகத்தால் கிள்ளினேன். வேரை அசைக்கவில்லை. செடி பிழைத்துக் கிடக்கட்டும் என்று விட்டேன். முந்தானையில் கட்டிக்கொண்டு ஜெயித்தவள் மாதிரி திரும்பி வந்தேன்.

கவிதா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

“அத்தே, அடியில பழுப்பா எதுவும் இருந்துச்சா?”

“நெறைய இருந்துச்சு தாயி. எல்லாம் துரு. நான் ஒண்ணைக்கூட எடுக்கலையே.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தத் துரு விழுந்ததுதான் இவளுக்கு வேண்டும்போல என்று, திரும்பிப் போய் எடுத்து வர நான் எழுந்தபோது மலை உச்சி இருட்டிவிட்டது. காவலர், “அம்மா, மேல மழை பிடிச்சிருச்சு. இப்பத் தண்ணி எறங்கும். கெளம்புங்க” என்றார். சொல்லி முடிப்பதற்குள் ஓடை நிறம் மாறிச் சிவந்தது.

லாட்ஜுக்கு வந்ததும் கவிதா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கணுக்காலுக்குச் சூட்டுத் தண்ணீர் ஒத்தடம் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே எழுந்தாள். குளியலறைச் சன்னல் ஓரம் ஈரச்சுவரில் ஒரு சின்னப் பெரணி முளைத்திருந்தது. அதைக் கிள்ளி வந்து, சட்டைப்பித்தான் அளவு கண்ணாடி வைத்த லென்ஸை என் கையில் கொடுத்தாள்.

“கண்ணோட ஒட்டி வச்சுக்கங்க. இலையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டு வாங்க. என்ன தெரியுது?”

முதலில் என் இமைதான் தெரிந்தது. அப்புறம் சட்டென்று ஓர் உலகம் திறந்தது. இலையின் ஓரம், முந்தானையை உள்பக்கமாக மடித்து ஒட்டின மாதிரி இருந்தது. அந்த மடிப்புக்குள் பழுப்பு மணிகள், கேழ்வரகைக் கொட்டி மூடி வைத்த மாதிரி!

“இதுவும் துருவா?” என்றேன்.

“துரு இல்ல அத்தே. அதுதான் வித்து. பெரணி பூக்காது, காய்க்காது. அதோட வித்துத்தூளு இலைக்கு அடியிலதான் இருக்கும். நீங்க விட்டுட்டு வந்த பழுப்புக் கோடுதான் எனக்கு வேணும்.”

எங்கள் ஓடைப்பட்டியில் வித்தில்லாத திராட்சைக்குத்தான் மதிப்பு. கொத்தில் ஒரு வித்து இருந்தால் வியாபாரி முகம் சுளிப்பார். அதே கண்ணோடு பெரணியைப் பார்த்து, வித்து இருந்ததை எல்லாம் கழித்துவிட்டு வந்திருக்கிறேன்.

“எலை ஒண்ணுபோல இருந்தா ஒரே வகையின்னு சொல்லிற முடியாதா?” என்று கேட்டேன்.

“முடியாது. ஒறவே இல்லாத ரெண்டு பெரணி அச்சா ஒரே எலையோட நிக்கும். வெள்ளைக்காரன் காலத்துல எலையைப் பார்த்து ஒரு பேரு வச்சாக, அடியைப் பார்த்துட்டு இன்னொரு பேரு மாத்துனாக. இப்ப ஜீனைப் பார்த்து மறுபடியும் வீடு மாத்தி எழுதுறாக. மொதல்ல பேரினம் தெரியணும், அப்புறம் சிற்றினம்.”

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கள் பக்கம் சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் முதல் கேள்வி, “நீங்க எந்தக் கோயில் கும்புடுறவுக?” என்பதுதான். முகச்சாடையை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. எங்கோ பிறந்த இரண்டு பேர் அண்ணன் தம்பி மாதிரி இருப்பார்கள். ஆனால் கும்பிடுகிற கோயில் ஒன்றாக இருந்தால்தான் ஒரே வகையறா, பங்காளி. பெண் கொடுக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. வகையறா தெரிந்த பிறகுதான், அதற்குள்ளே இந்த ஆள் யார், என்ன குணம் என்ற விசாரணை.

“அப்ப பேரினம்ங்கிறது வகையறா. சிற்றினம்ங்கிறது ஆளு. எலைக்கு அடியில இருக்கிறதுதான் கோயிலு. அப்படித்தானே?”

கவிதா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இதை எங்க கிளாஸ்ல வந்து சொல்லுங்க அத்தே” என்றாள். அதுவரை இறுகியிருந்த முகம் இளகியது.

அப்புறம் விடவில்லை நான். அவள் சொல்லச் சொல்லக் கேட்டேன். ஆஸ்ப்ளீனியம் வகையறாவில் ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு பழுப்புக் கோடு. டிப்ளேசியத்தில் அங்கங்கே ஒரே நரம்பின் இரண்டு பக்கமும் கோடு, இரண்டு பேர் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்த மாதிரி. அடிக்கிழங்கில் இருக்கிற செதிலை லென்ஸில் பார்த்தால் ஆஸ்ப்ளீனியத்துக்குக் கம்பி போட்ட சன்னல் மாதிரி ஊடே வெளிச்சம் தெரியும். டிப்ளேசியத்துக்கு அடைத்த கதவு. இது தெரிந்தால்தான் வகையறா முடிவாகும். இரண்டு பேரையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினேன். டிப்ளேசியம் சீக்கிரம் வந்தது. ஆஸ்ப்ளீனியத்தில் நாக்கு தடுக்கி விழுந்தது.

காலையில் மழை விட்டிருந்தது. ஆனால் ஓடைப் பக்கம் யாரையும் விடவில்லை. கவிதா விந்தி விந்தி நடந்து வந்து, “கம்பமெட்டுக்கு அங்கிட்டு ஒரு நீரோடை இருக்கு. இதே செடி அங்க ஒருக்கா கண்ணுல பட்டதா ஞாபகம். போய்ப் பார்ப்போம்” என்றாள். அந்த நேரத்தில் மலைக்குப் போக ஏலக்காய்த் தோட்ட வேலைக்காரர்களின் ஜீப்புதான் கிடைத்தது. முன்னால் இடமில்லை. பின்னால் தூக்குவாளிகளுக்கும் முழங்கால்களுக்கும் நடுவில் எங்களைத் திணித்தார்கள். நான் பாதி உள்ளே, பாதி வெளியே. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் உயிர் பள்ளத்தாக்குப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது.

பக்கத்தில் பஞ்சவர்ணம் என்று ஒரு பெண். கம்பத்துக்காரி. நல்ல குரல்.

“எங்க போறீக ஆத்தா, மருமக கூடவா? சண்டை போடாமயா?”

நான் சிரித்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

“மருமக காலு வீங்கியிருக்கே. நீங்களா அடிச்சீக?”

ஜீப்பே சிரித்தது. கவிதாவும் சிரித்தாள். நான் என் வாழ்நாளில் முதல் தடவையாக ஜீப் நிறைய ஆட்களுக்கு முன்னால் பதில் சொன்னேன். “நான் அடிச்சிருந்தா ரெண்டு காலும்ல வீங்கியிருக்கும்.” சொன்ன பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வளைவு ஏற ஏறப் பள்ளத்தாக்கு கீழே விரிந்தது. தென்னந்தோப்பு, நெல், திராட்சைப் பந்தல், எல்லாம் பாய் முடைந்து விரித்த மாதிரி. அத்தனை வருடம் கீழிருந்து மலையைப் பார்த்தவள் இப்போது மலையிலிருந்து என் ஊர்த் திசையைப் பார்க்கிறேன். எல்லை தாண்டினதும் கடைப்பலகையில் எழுத்து மாறியது. காற்றில் ஏலக்காய் வாசனை. வெயில்கூட வேறு மாதிரி, வடிகட்டி ஊற்றின மாதிரி விழுந்தது.

கொஞ்ச தூரத்தில் கருகல் நாற்றம். ஜீப் இருமி நின்றது. “கிளச் பிளேட் போச்சு” என்றார் டிரைவர். பஞ்சவர்ணம் கூட்டத்துக்கு அது வசதி, அவர்கள் தோட்டம் பக்கத்திலேயே. எங்களுக்குத்தான் போக வேண்டிய இடம் தூரம். அந்த வழியாக வந்த ஒரு பால்வண்டியில் டிரைவரும் கவிதாவும் வேறு ஜீப் பிடிக்க ஏறினார்கள். செய்தித்தாள் கட்டு, பலகை, பை எல்லாவற்றோடும் நான். “பயப்படாதீக அத்தே, இங்கனயே இருங்க” என்று போய்விட்டாள்.

பஞ்சவர்ணம் என்னைத் தோட்டத்துக் கொட்டகையில் உட்கார வைத்தாள். தோட்டத்து முதலாளி வந்தார். மடித்துக் கட்டிய வெள்ளை வேட்டி, மூக்கு நுனியில் கண்ணாடி. அவர் பேசிய மலையாளம் எனக்குப் பாதிக்கு மேல் புரிந்தது. புரிந்ததைத் தமிழிலேயே எழுதுகிறேன். “வண்டி கெட்டால் நம் விருந்தாளி. ஏதாவது சாப்பிடாமல் போகக் கூடாது” என்றார். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் சம்மந்தி என்று அவர்கள் சொல்கிற காந்தாரி மிளகாய்த் துவையலும் வந்தன. ஒரு விள்ளல் வாயில் வைத்தேன், காது வழியாகப் புகை வந்தது. தண்ணீர் கேட்டேன். இளஞ்சிவப்பாகக் கொண்டு வந்து வைத்தார்கள். பாத்திரம் கழுவின தண்ணீரோ என்று தயங்கினேன். பதிமுகம் என்ற மரத்தின் சீவலைப் போட்டுக் கொதிக்க வைத்ததாம். இங்கே எல்லாரும் குடிக்கிற தண்ணீரே அதுதான். எங்கள் சீரகத் தண்ணீர் மாதிரி, பார்வைக்கு மட்டும் பகட்டு.

அப்போது கொட்டகைக்குப் பின்னால் சர் சர்ரென்று சத்தம். எட்டிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஈரப்பாறை. பஞ்சவர்ணம் அரிவாளால் பாறையில் இருந்த செடிகளை வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். கீழே விழுந்த ஓர் இலை என் கால் பக்கம் கிடந்தது. கறுப்பாக மினுங்கும் தண்டு. சீப்புப் பல்.

பையைத் திறந்து, முந்தின நாள் நான் கிள்ளிய இலையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். முன்பக்கம் அச்சு அசல். திருப்பினேன். என்னுடையதில் ஒன்றும் இல்லை. இதில் பழுப்புக் கோடு, வரிசை வரிசையாக.

வாயைத் திறந்தேன். அதற்குள் கால் ஓடியது. போய் அரிவாள் பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏத்தா! என்னாச்சு ஒனக்கு?” என்று கத்தினாள் பஞ்சவர்ணம்.

“வெட்டாத.”

“மொதலாளி சொல்லிட்டாக. எலையில துரு விழுந்திருக்காம், ஏலத்துல தொத்திக்கிருமாம். இன்னைக்கே வழிச்சு எரிக்கணும்னு.”

முதலாளி வந்துவிட்டார். நல்ல மனிதர் முகம் இப்போது கடுகடு என்று இருந்தது. “அம்மே, நோயை வளர விட முடியாது. நான் ஏலக்காட்டுக்குள்ளேயே பிறந்தவன். பார்த்தால் தெரியும்” என்றார்.

இந்த ஆளுக்கு நான் என்ன சொல்வேன்? கவிதா இல்லை. திரும்பி யார் முகத்தைப் பார்ப்பது? ஆனால் அவர் பார்க்கிற பார்வை எனக்கு அத்துப்படி. நேற்று ஓடையில் நானும் அதே பார்வையைத்தான் பார்த்தேன். எந்த இடத்தில் தப்பு என்று எனக்குத் தெரியும்.

“ஐயா, நானும் திராட்சைக்காரிதான். நேத்து நானும் துருன்னுதான் கழிச்சேன். என் பேச்சை நம்ப வேணாம், நீங்களே பாருங்க. நோவு வந்தா எலை வாடணும். இது பச்சைப்பசேல்னு நிக்குது. நோவு விழுந்தா கண்ட எடத்துல தெறிச்ச மாதிரி விழும். இது நரம்புக்கு ஒண்ணு, நரம்புக்கு ஒண்ணுன்னு ஒக்காந்திருக்கு. நோவுக்கு இப்பிடி வரிசையில ஒக்காரத் தெரியுமா? இது நோவு இல்லீங்கய்யா. இது அதோட வித்து.”

இவ்வளவையும் நானா பேசினேன்! தமிழ் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. இலையை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வெயிலில் பிடித்து ஒவ்வொரு நரம்பாகப் பார்த்தார். ஒரு ஏலச்செடியின் இலையையும் ஒடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பஞ்சவர்ணம் அரிவாளோடு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“வரிசையாகத்தான் இருக்கிறது” என்றார் கடைசியில். “சரி. பாறையில் மிச்சம் இருப்பதை விட்டுவிடு. அந்த அம்மாவுக்கு எது வேண்டுமோ எடுத்துக் கொடு.”

“இந்தத் தடவ வேரோட” என்றேன் பஞ்சவர்ணத்திடம். “கெழங்கு ஒடையாம.”

“உத்தரவு ஆத்தா!” என்றாள் அவள். ஆனால் குழந்தையை இடுப்பில் இருந்து இறக்குகிற மாதிரிதான் பெயர்த்துக் கொடுத்தாள்.

கவிதா வேறு ஜீப்போடு வந்து இறங்கியபோது நான் செடியை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். துணியை விலக்கினேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கணுக்கால் வலி என்றுகூட முனகவில்லை. கோடுகளைப் பார்த்தாள். அடிக்கிழங்கில் இருந்து ஒரு செதிலைப் பிய்த்து லென்ஸுக்குக் கீழே வைத்தாள். லென்ஸை என்னிடம் நீட்டினாள்.

பார்த்தேன். கறுப்புக் கம்பிகள். கம்பிக்கு நடுவில் கட்டம் கட்டமாக வெளிச்சம். சன்னல்! கம்பி போட்ட சன்னல்!

“ஆஸ்ப்ளீனியம்!” என்று கத்திவிட்டேன். நாக்கு தடுக்கவே இல்லை. முதலாளி திடுக்கிட்டுத் திரும்பினார்.

“ஆமா அத்தே. கோடும் ஒத்தைக் கோடுதான், முதுகோட முதுகு எதுவும் இல்ல. நான்தான் தோத்தேன், பேராசிரியர் ஜெயிச்சிட்டாக.” தோற்றவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதலாளிக்கும் பஞ்சவர்ணத்துக்கும் லென்ஸ் கைமாறிப் போனது. பஞ்சவர்ணம் முதலில் இலையைப் பார்த்தாள். அப்புறம் தன் விரல் நகத்தைப் பார்த்துவிட்டு, “ச்சீ, இவ்வளவு அழுக்கா!” என்று அலறினாள்.

கம்பமெட்டு வந்ததும் போனில் சிக்னல் கிடைத்தது. படம் அனுப்பி, பேராசிரியரிடம் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். “பேரினம் ஆஸ்ப்ளீனியம்தான், சந்தேகமே இல்லை. அத்தியாயத்தை எழுதத் தொடங்கலாம். ஆனால் சிற்றினம் எனக்குத் தெரிந்த எதோடும் ஒட்டவில்லை. இந்த வித்து இன்னும் முற்றவில்லை. முற்றின பிறகு அதே பாறையில் இருந்து எடுத்து வாருங்கள், பழைய ஏடுகளில் ஒட்டியிருக்கிற செடிகளோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். முன்பே பேர் வைத்ததாகவும் இருக்கலாம், பேரே இல்லாததாகவும் இருக்கலாம்.”

போனை வைத்த பிறகு கவிதா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இன்னொரு தடவை என்ற பேச்சுக்கு வீட்டில் இடமில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் ஊருக்குப் பஸ். பலகைக் கட்டை மடியில் வைத்திருந்தேன். “என்னம்மா அது, கீழ வைக்கலாம்ல?” என்றார் கண்டக்டர். யார் முகத்தையும் பார்க்கவில்லை நான். அது ஒரு பெரணி, அதன் வித்து இலைக்கு அடியில் இருக்கும், அதனால் கீழே வைக்க மாட்டேன் என்று தொடங்கினேன். உத்தமபாளையம் தாண்டியும் முடியவில்லை. முன் சீட்டுக்காரர் திரும்பி உட்கார்ந்து கேட்டார். கண்டக்டர் டிக்கெட் போடுவதை மறந்து, “அப்ப எங்க வீட்டுக் கெணத்துல இருக்கிறது எந்த வகையறா?” என்றார். “கோயிலப் பார்க்காமச் சொல்ல முடியாது” என்றேன். கவிதா சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். பலகைக் கட்டைப் பிரித்து ஓர் இலையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். திராட்சைக்காரர் அல்லவா, கை தானாக இலையைத் திருப்பியது. முகம் சுருங்கியது. “துரு விழுந்த எலையையா இம்புட்டுத் தூரம் போய் அள்ளிட்டு வந்தீக?” என்று கட்டைவிரலால் தேய்க்கப் போனார்.

அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து செய்யாத காரியம். “கை வைக்காதீக. அது வித்து” என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். “சரி. போன காரியம் முடிஞ்சுதா?”

கவிதா வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன். “வகையறா தெரிஞ்சிருச்சு. ஆஸ்ப்ளீனியம். ஆளு யாருன்னு இன்னும் தெரியல. வித்து முத்துனப்புறம் இன்னொருக்கா போகணும்.”

“அதான் வகையறா தெரிஞ்சிருச்சுல்ல. பெறகென்ன?”

“வகையறாவ மட்டும் கேட்டுட்டு நீங்க பொண்ணு குடுத்திருவீகளா?”

எங்கள் மூத்த மகளுக்கு வந்த எத்தனையோ இடங்களை, வகையறா நல்லதுதான், ஆளைப் பற்றி விசாரித்து முடிக்கவில்லை என்று தள்ளித் தள்ளிப் போட்டவர் அவர். இலையைப் பத்திரமாகத் தாளுக்குள் வைத்தார். தாளின் ஓரம் மடங்கியிருந்ததை நீவிவிட்டார். ஜீப்பில் எப்படிப் போனோம் என்று கவிதாவிடம் கேட்டார். அவள் சொன்னாள்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடந்தார். நாலு எட்டு வைத்தவர் நின்று, திரும்பாமலேயே சொன்னார்.

“அடுத்த தடவ போறப்ப ஜீப்புல பின்னால ஒக்காராதீக. முன்னாலயே ரெண்டு எடம் போட்டு வைக்கச் சொல்லுங்க.”